பட்டியலா, வேர்ச்சொல்லா, அட்டையா, வாசிப்பா: நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலச் சொல் சேர்க்கும் வழிகள்

மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில், வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான பழைய புத்தகங்களுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. சில மாதங்களுக்கு முன் என் அக்கா மகள் அங்கிருந்து தலையணை அளவில் ஒன்றை வாங்கி வந்தாள்: 3500 சொற்கள், ஆங்கில அகரவரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருள். அதை முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் போட்டிருந்த டிக் குறிகள் 'டி' (D) எழுத்தின் நடுவே நின்றுபோயிருந்தன. அதைவிடக் கவலை தந்தது பயிற்சிப் பகுதி. பக்கம் பக்கமாக எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் அதில் நிறைந்திருந்தன. இவ்விரு வகைகளையும் ஜிஆர்இ 2011 ஆகஸ்டு மாதத்திலேயே கைவிட்டுவிட்டது. இல்லாத தேர்வுக்கு எழுதப்பட்ட புத்தகத்தை அவள் பேரம் பேசி வாங்கியிருந்தாள்.

ஆகவே எந்த வழி சிறந்தது என்று பார்ப்பதற்கு முன், எந்தத் தேர்வு எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட வேண்டும். 2023 செப்டம்பர் முதல் சுருக்கப்பட்ட வடிவில் நடக்கும் ஜிஆர்இயில் மொழிப் பகுதிக்கு 27 வினாக்கள், 41 நிமிடங்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி, வாக்கியத்தில் விடுபட்ட இடத்தை நிரப்பும் வினாக்கள். மூன்று கோடிட்ட இடங்களில் இரண்டைச் சரியாக நிரப்பினாலும் மதிப்பெண் கிடையாது. இங்கே சொல்லறிவு நேராகச் சோதிக்கப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குச் சேர எழுதும் சாட் தேர்வு 2005இல் ஒப்புமை வினாக்களையும் 2016இல் வாக்கிய நிரப்பலையும் நீக்கிவிட்டு, இப்போது ஒரு சிறு பத்தியைக் கொடுத்து அந்த இடத்துக்குப் பொருந்தும் சொல் எது என்று கேட்கிறது. பெரும்பாலும் நடுத்தரக் கடினமுள்ள சொற்களே வருகின்றன. ஐஐஎம் மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) தேர்வின் மொழிப் பகுதியில் 40 நிமிடங்களுக்கு 24 வினாக்கள். பெரும்பகுதி பத்தி வாசித்து விடையளிப்பது. சொல்லுக்குப் பொருள் என்ன என்ற நேரடி வினாவே அதில் வருவதில்லை. எங்கள் செம்பூர்க் கட்டடத்தில் மேல்மாடிப் பையன் கேட் எழுத ஆயிரம் சொல் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அந்த நேரத்தில் நாளுக்கு இரண்டு கட்டுரை வாசித்திருக்கலாமே என்றுதான் அவனிடம் சொன்னேன். சொல் சேர்ப்பைத் தனி உழைப்பாகச் செய்வதற்கு உண்மையான பயன் இருப்பது ஜிஆர்இக்கே என்பதால், இனி வருவது பெரும்பாலும் அதைப் பற்றியே.

முதலில் பட்டியல். நம் மரபுக்குப் பட்டியல் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் நிகண்டு ஒரு பொருளுக்குரிய பல சொற்களை ஓரிடத்தில் கூட்டி, ஓசையில் கோத்துக் கொடுத்தது. திவாகரம் நூற்பாவில் சொன்னதைச் சூடாமணி நிகண்டு விருத்தத்தில் சொன்னது. நாவில் ஏறுவதற்காகவே செய்த ஏற்பாடு அது. தேர்வுப் பட்டியலில் பொருளுறவும் இல்லை, ஓசையும் இல்லை. முதலெழுத்து ஒன்றாக இருப்பதைத் தவிரப் பக்கத்துச் சொல்லோடு ஒரு சொல்லுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. மறதியை அளக்க முனைந்த ஹெர்மன் எப்பிங்ஹாஸ், 1885இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவாக நழுவுகின்றன என்று கணக்கிட்டார். அகரவரிசைப் பட்டியலை உருப்போடுபவர் தெரியாமலேயே அதே சோதனையைத் தம்மீது நடத்திக்கொள்கிறார்.

பட்டியலின் இன்னொரு குறை, அது எளிய சொற்களை விட்டுவிடுவது. ஜிஆர்இ விரும்பிக் கேட்பவற்றில் தெரிந்த சொல்லின் தெரியாத பொருளும் ஒன்று. 'டெம்பர்' என்றால் கோபம் என்று நினைப்பவருக்கு, அது வினையாக வரும்போது தணித்தல் என்று பொருள்படுவது தெரியாது. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுதல் மட்டுமன்று, ஒரு கூற்றுக்கு வரம்பு கட்டுதலும்கூட. 'குவாலிஃபைடு' பாராட்டு என்பது 'ஆனால்' போட்டு இழுத்த பாராட்டு. 'செக்', 'ஃப்ளாக்', 'அரெஸ்ட்' எல்லாம் இவ்வகையே. பட்டியலைப் புரட்டுபவர் இவற்றைத் தெரியும் என்று தாண்டிவிடுகிறார். இத்தனைக்குப் பிறகும் பட்டியலுக்கு ஒரு பயனை நான் ஒப்புக்கொள்கிறேன்: எல்லை எதுவரை என்று அது காட்டும். பட்டியலைப் படிப்பதற்கு வைத்துக்கொள்ளாமல், மாதத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே சோதிக்க வைத்துக்கொண்டால் அது நல்ல அளவுகோல்.

இரண்டாவது வழி வேர்ச்சொல். நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் மும்பை நடைபாதைகளில் கண்ணில் படுகிறதென்றால், இந்த வழியின் கவர்ச்சியே காரணம். பகுபத உறுப்பிலக்கணம் படித்துப் பகுதி, விகுதி பிரித்துப் பழகிய தமிழ் மாணவருக்கு இது இயல்பாகக் கைவரும். பேசுதல் என்று பொருள்படும் லத்தீன் வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் லொக்வேஷஸ், எலக்வன்ட், கலோக்வியல், சர்க்கம்லொக்யூஷன் என்று ஒரு குடும்பமே கூட வரும். புதிய சொல்லின் பொருளை ஊகிக்க இது உதவும். முற்றும் தெரியாத ஐந்து விடைகளில் இரண்டை நீக்கவும் உதவும். ஆனால் தேர்வு வைப்பவர்களுக்கும் இந்தச் சூத்திரம் தெரியும். 'எனர்வேட்' ஊக்கம் தருவதைப்போல ஒலித்துக்கொண்டு, வலுவைப் போக்குதல் என்று பொருள்படும். 'நாய்சம்' சத்தத்தைப் பற்றியதன்று. அருவருப்பூட்டும் நாற்றத்தைப் பற்றியது. 'ரெஸ்டிவ்' ஓய்வைக் குறிப்பதில்லை, கட்டுக்கடங்காமல் திமிறுவதைக் குறிக்கிறது. வேர் வழியை மட்டும் நம்பியவர் தடுக்கி விழும் இடங்கள் இவை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தேர்வுப் பட்டியல்களில் 'பரையா' என்ற சொல்லும் உண்டு. 'ஒதுக்கப்பட்டவர்' என்று எதிரே ஒரு வரி இருக்கும். பறை என்னும் இசைக்கருவியோடு சேர்ந்த ஒரு மக்களின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போய் இந்தப் பொருளோடு நிற்கிறது. வேர் தேடும் புத்தகங்கள் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் அத்தியாயம் ஒதுக்குகின்றன; தமிழிலிருந்து எடுத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதை அந்த ஒரு வரிப் பொருள் சொல்வதில்லை. அக்கா மகள் தன் படிப்பு அட்டைகளில் இந்தச் சொல்லுக்குரியதை மட்டும் எழுதுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது, அட்டை: ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறைப்படி காகித அட்டைகளைப் பெட்டியின் அறைகளில் வைத்து, தெரிந்ததை அடுத்த அறைக்கும் தெரியாததை முதல் அறைக்கும் மாற்றிக்கொண்டே வரலாம். மறக்கப்போகும் நேரத்தில் ஒருமுறை முயன்று நினைவுகூர்ந்தால் அது ஆழப் பதியும் என்பதே இதன் அடிப்படை. ஆங்கி போன்ற செயலிகள் இதே வேலையைக் கணக்கிட்டுச் செய்கின்றன. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் ஆங்கி இலவசம். ஐஃபோனில் ஒருமுறை விலை கொடுக்க வேண்டும். டோம்பிவிலியிலிருந்து தாதர் வரை புறநகர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பவருக்கு, காகிதப் பெட்டி என்பது நடக்காத காரியம். அலைபேசியில் கட்டைவிரலால் தள்ளும் அட்டை நடக்கும். மும்பையைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணமே செயலியின் பக்கம் தராசைச் சாய்க்கப் போதும்.

ஆயத்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதும் சொந்தமாக எழுதுவதும் ஒன்றாகுமா என்றால், என் அனுபவத்தில் ஆகாது. ஆயத்தத் தொகுப்பு, பட்டியலுக்கு மாறுவேடம் போட்டதுதான். சொந்த அட்டை எழுத ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஆனால் அந்த நிமிடங்களிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அளவும் முக்கியம். நாளுக்கு நாற்பது புதிய அட்டை என்று முதல் வாரத்து வேகத்தில் வைத்துவிட்டால், இரண்டாம் வாரத்தில் மறுபார்வைக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவியும். மூன்றாம் வாரத்தில் செயலியைத் திறக்கவே கை வராது. நாளுக்குப் பன்னிரண்டு என்றாலே தொண்ணூறு நாளில் 1080 சொற்கள். குறைவாகப் பேசுவதைச் சுட்டும் லகானிக், டெர்ஸ், டாசிட்டர்ன், ரெட்டிசன்ட் ஆகிய நான்கையும் ஒரே நாளில் சேர்ப்பதும் கூடாது. நான்கும் குழம்பி, எது எதுவென்றே தெரியாமல் போகும். ஒவ்வொன்றும் தனித்தனியே பழகிய பிறகு, நிகண்டுக்காரர் செய்ததைப்போல் ஓரிடத்தில் கூட்டிப் பார்க்கலாம். ஒரே பொருள் தரும் இரண்டு விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வினாவுக்கு அது அப்போது கைகொடுக்கும்.

நான்காவது வழியான வாசிப்பைப் பற்றி நல்லது சொல்லாத ஆசிரியர் இல்லை. சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், எந்த இடத்தில் கேலியாக ஒலிக்கும் என்பதை வாசிப்பைத் தவிர வேறெதுவும் கற்றுத்தராது. வழக்குத் தொடர அரசு தரும் ஒப்புதலும் 'சாங்ஷன்', ஒரு நாட்டின்மீது விதிக்கும் பொருளாதாரத் தடையும் 'சாங்ஷன்' என்பதை ஒரே நாளிதழின் இரண்டு பக்கங்களில் பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் தேர்வுத் தேதி வாசிப்பின் வேகத்துக்குக் காத்திருக்காது. அரிய சொல் ஒன்று முதல்முறை கண்ணில் பட்டு, மறுமுறை படுவதற்குள் மூன்று மாதமும் போய்விடலாம். நாளிதழ் மட்டும் போதும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை; ஜிஆர்இ பத்திகள் அறிவியல், வரலாறு, கலை விமர்சனம் ஆகியவற்றிலிருந்து வருபவை, செய்தி நடை அவற்றுக்கு அருகில் வராது. ஓராண்டு கையில் இருப்பவருக்கு வாசிப்பே முதல் வழி. மூன்று மாதம் இருப்பவருக்கு அது அட்டைக்குச் சொல் கொண்டுவரும் வாய்க்கால்.

இனி, பயிற்சி வகுப்புகளில் யாரும் பேசாத ஒரு கேள்வி உண்டு: அட்டையின் பின்பக்கத்தில் பொருளை எந்த மொழியில் எழுதுவது? ஆங்கிலத்திலேயே யோசி, தமிழைக் கலக்காதே என்பது பொதுவான அறிவுரை. கற்போருக்கான ஆங்கில அகராதிகள் இதற்கு உதவும். லாங்மன் அகராதி 1978இல் ஏறக்குறைய 2000 எளிய சொற்களைக்கொண்டே எல்லாப் பொருளையும் விளக்குவது என்ற முறையோடு வந்தது. அந்த விளக்கங்கள் துல்லியமானவை, ஆனால் மனத்தில் ஒட்டாதவை. 'பர்ஃபங்க்டரி' என்பதற்கு 'அக்கறையோ முயற்சியோ இன்றி வழக்கத்துக்காகச் செய்வது' என்ற கருத்தில் ஒரு முழு வரி எழுதியிருக்கும். என் அம்மா அதை 'ஒப்புக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். 'ப்ரிவாரிகேட்' மழுப்புதல். 'அப்சீக்வியஸ்' கூழைக்கும்பிடு போடுகிறவர். 'கம்ப்ளேசன்ட்' மெத்தனம். 'ஷிகேனரி' தில்லுமுல்லு. 'வாசிலேட்' செய்பவர் மதில்மேல் பூனை. மும்பையில் மூன்றாம் தலைமுறையாக வளர்ந்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்குக்கூட வீட்டுப் பேச்சில் கேட்ட இந்தச் சொற்கள் உடனே பிடிபடுகின்றன. அவற்றில் திட்டும் சிரிப்பும் கலந்திருப்பதால், ஆங்கிலச் சொல்லின் தொனியும் சேர்ந்தே பதிகிறது.

ஆனால் கலைச்சொல் மொழிபெயர்ப்பாக வரும் தமிழ்ப் பொருள் இந்த வேலையைச் செய்யாது. அ. சிதம்பரநாதன் செட்டியாரை ஆசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பெரும் உழைப்பு. எனினும் தேர்வுக்குப் படிப்பவர் அதிலிருந்து மூன்று புதிய தமிழ்ச் சொற்களையும் சேர்த்துக் கற்க நேரிடும். நுண் வேறுபாடும் தமிழில் நழுவக்கூடும். 'ப்ராடிகல்', 'ப்ராஃப்ளிகேட்' இரண்டையும் ஊதாரி என்று எழுதிவிடலாம். ஆனால் பின்னதில் ஒழுக்கக்கேடும் உண்டு, முன்னது சில இடங்களில் வாரி வழங்கும் செழிப்பையும் குறிக்கும். எனவே நான் பரிந்துரைப்பது இரண்டும் கலந்த அட்டை: முன்பக்கத்தில் வாசித்த இடத்திலிருந்து எடுத்த முழு வாக்கியம்; பின்பக்கத்தில் வீட்டுத் தமிழில் ஒரு சொல், அதன் கீழே அகராதியின் ஆங்கில வரி. வீட்டுத் தமிழ்ச் சொல் கிடைக்காவிட்டால் ஆங்கில வரி மட்டும். வலிந்து உருவாக்கிய தமிழ் வேண்டாம்.

அக்கா மகள் இப்போது இப்படித்தான் செய்கிறாள். காலையில் போகும்போது மறுபார்வை மட்டும். இரவு ஒரு கட்டுரை, அதிலிருந்து அதிகபட்சம் பன்னிரண்டு சொற்கள். வேர் தெரிந்தால் ஓரத்தில் குறிப்பு. கடைசிப் பத்து நாளில் புதிய அட்டை கிடையாது. ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் வெளியிட்ட மாதிரித் தேர்வுகளில் தவறிய வாக்கியங்கள் மட்டும் சேரும். மேல்மாடிப் பையன் பட்டியலை அவளிடம் கொடுத்துவிட்டான். மாதம் ஒருமுறை அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது சொற்களைத் தொட்டுத் தன்னைச் சோதித்துக்கொள்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த ஐம்பதில் தவறியவை பதினேழு, அவற்றில் ஒன்பது 'டி'க்குப் பின்னால் உள்ளவை. கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய தலையணைப் புத்தகம் அலமாரியில் கதவு இடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது.