மூடியைத் திறந்து காட்டும் கடை: நிபோங் திபால் கணினி பழுதுபார்ப்பு

செம்பனைத் தோட்டத்து ஆபீசில் 24 வருஷமாகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். பெரியவனுக்காக 2014ல் வாங்கிய மேசைக் கணினியில்தான் இப்போது படிவம் 4 படிக்கும் சின்ன மகள் பாடம் செய்கிறாள். அதற்கு மூன்று வியாதி. காலையில் தட்டிவிட்டால் நான் பசியாறி முடித்த பிறகுதான் திரை வரும். மத்தியான வெயிலில் தானாக அணைந்துவிடும். தேதி அடிக்கடி பழைய வருஷத்துக்குப் போய்விடும், அப்போது வங்கிப் பக்கம் திறக்கவே திறக்காது.

முதலில் பட்டணத்துக் கடை ஒன்றுக்குத் தூக்கிப் போனேன். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு, புதுசு 1,800 வெள்ளி" என்றார்கள். இரண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை. அதன் பிறகுதான் நம்ம ஊரிலேயே, சந்தைக்குப் பின்வரிசையில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி முதல் வேலையாக எனக்கு ஒரு நாற்காலி போட்டார். "அக்கா, திறக்கிறப்போ நீங்களும் பாருங்க" என்றார். உள்ளே லாரி ரோட்டுப் புழுதி பஞ்சு மாதிரி அடைந்து கிடந்தது, கூடவே இரண்டு பல்லி முட்டை ஓடு. விசிறிக்குக் கீழே, கணினியின் மூளையான சிபியுவின் மேல் பூசியிருந்த பசை காய்ந்து பொடியாகியிருந்தது. இரண்டு உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத காற்று இடுக்கு இருக்குமாம். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, அந்த இடுக்கை நிரப்பத்தான் பசை. சூடு ஏறினால் சிபியு முதலில் தன் வேகத்தைக் குறைக்கும், அப்புறமும் தாங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். மத்தியான வியாதி அதுதான்.

பசையைத் துடைத்ததும் சிபியுவின் முதுகில் பொறித்திருந்த எழுத்துகளுக்கு நடுவே 'மலாய்' என்ற சொல் தெரிந்தது. மலேசியாவில் பொருத்திச் சோதித்தது என்று அர்த்தம். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972ல் பினாங்கில்தான் திறந்தது. என் சின்னம்மா பால் மரம் வெட்டிய வீட்டிலிருந்து பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு மின்னணு ஆலை வேலைக்குப் போனவர். தீவுக்குப் பாலம் 1985ல்தான் வந்தது. அதற்கு முன்னால் பட்டர்வொர்த்தில் பெரி என்ற படகு ஏறிப் போவார். நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தேன். தம்பி அவசரப்படுத்தவில்லை.

காலைத் தாமதத்துக்குக் காரணம், கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க். அது நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு. தேவையான இடம் ஊசிக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. "ரொம்ப வேகம்தானே தம்பி?" என்று கேட்டேன். என் சிபியு விநாடிக்கு 340 கோடி தடவை துடிக்கிறது என்றார். கணக்குப் போட்டால் அந்த அரைச் சுற்றுக்குள் சுமார் 1 கோடியே 40 லட்சம் துடிப்பு வீண். கணினி திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தடவை காத்திருக்கிறது.

வேலை நடக்கும்போது கணினி தற்காலிகமாகக் குறித்துக்கொள்ளும் நினைவகமான ரேம் 4 ஜிபிதான் இருந்தது. எனக்கு இது உடனே பிடிபட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கையில் வைத்துக் குறிக்கும் நோட்டுதான் ரேம், ஆபீஸ் அலமாரியில் இருக்கும் செக்ரோல் என்ற பதிவேடுதான் டிஸ்க். நோட்டில் இடம் தீர்ந்தால் ஒவ்வொரு பெயருக்கும் அலமாரிக்கு ஓட வேண்டியதுதான். ரேமில் ஒவ்வொரு புள்ளியும் கசிந்துகொண்டே இருக்கும் சின்ன மின்னூட்டம். விநாடிக்குப் பதினைந்து தடவையாவது திரும்ப நிரப்பினால்தான் நிற்கும். இடி மழையில் கரண்டு போனபோது மகள் சேமிக்காமல் விட்ட கட்டுரை ஏன் போனது என்று அப்போதுதான் புரிந்தது.

தேதிக் கோளாறுக்கு மருந்து ஐந்து வெள்ளி. போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, 3 வோல்ட். அது தீர்ந்தால், கரண்டு இல்லாத நேரத்தில் கடிகாரம் நின்றுவிடும். தேதி தப்பாக இருந்தால் வங்கிப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்துக்குள் இல்லாததுபோல் தெரியும், உலாவி மறுத்துவிடும்.

மொத்தச் செலவு 185 வெள்ளி: சுற்றும் தட்டே இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் 85, பழைய 8 ஜிபி ரேம் 45, சுத்தமும் பசையும் 30, பேட்டரி 5, கோப்புகளை மாற்ற 20. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது, இந்தப் பழைய சிபியுவில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதையும் தம்பி மறைக்கவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். மகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். இப்போது அரை நிமிஷத்துக்குள் திரை வந்துவிடுகிறது.

குறையும் உண்டு. ரேம் வர மூன்று நாள் ஆனது, வாட்ஸ்அப் கேள்விக்கு மறுநாள்தான் பதில் வரும். கார் நிறுத்த இடமில்லை, பெட்டியைச் சந்தையிலிருந்து சுமந்துதான் போக வேண்டும். ரசீது கேட்டால்தான் எழுதுகிறார், அதனால் கேட்டு வாங்குங்கள்.

பழைய டிஸ்கை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார், உறைமேல் தேதி எழுதி. போகிறவர்கள் காலை 10 மணிக்கு மேல் போங்கள், ஞாயிறு கடை இல்லை.