18 வருஷம் எமோ ஆல்பம் கேட்டதுல எது தேறுச்சு, எது தேறல

2007-ல, காலேஜ் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் 1 ஜிபி பென்டிரைவ் ஒன்ன கைல குடுத்து "தம்பி, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கேளு, பகல்ல கேட்டா காமெடியா இருக்கும்"னார். அப்ப புரியல, இப்ப நல்லாவே புரியுது. அதுல எல்லாம் எமோங்கற ராக் வகை: மை கெமிக்கல் ரொமான்ஸ், டேக்கிங் பேக் சண்டே, ஜிம்மி ஈட் வேர்ல்ட், டாஷ்போர்ட் கன்ஃபெஷனல், அப்புறம் பேரே இல்லாத ஒரு ஃபோல்டர்ல ஒம்பது பாட்டு (அது அமெரிக்கன் ஃபுட்பால்னு தெரிய எனக்கு நாலு வருஷம் ஆச்சு). அன்னைல இருந்து விட்டு விட்டு கேட்டுட்டுதான் இருக்கேன், பென்டிரைவ் போச்சு, எம்பி3 பிளேயர் போச்சு, ஒரு கண்ண மறைக்கிற மாதிரி முன்னாடி இழுத்து விட்ட அந்த ஹேர்ஸ்டைல் போச்சு, இப்ப முடியே பாதி போச்சு. அதனால இத புதுசா கேட்டவன் எழுதுற ரிவ்யூவா எடுத்துக்காதீங்க, ஒரே பைக்க 18 வருஷம் ஓட்டினவன் எந்த பார்ட் சீக்கிரம் தேயும், எது அசையாதுன்னு சொல்வான்ல, அந்த மாதிரி.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1985 வாக்குல வாஷிங்டன் டிசி-ல ஹார்ட்கோர் பங்க் (படு வேகமா கத்தி வாசிக்கற ராக்) ஒரே அடிதடியா போயிட்டிருந்த நேரத்துல, அதே வேகத்துல ஆனா மனசுல இருக்கறத கொட்டி பாடினாங்க சில பேண்டு. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் அதுல முக்கியமானது, டிஸ்கார்ட்ங்கற லேபிள்ல (ஆல்பம் வெளியிடற கம்பெனி) அந்த வருஷம்தான் ஆல்பம் வந்துச்சு. எமோன்னு இதுக்கு பேர் விழுந்தப்ப அந்த லேபிள நடத்தின இயன் மெக்கேக்கே அந்த பேர் சுத்தமா பிடிக்கல, மேடையிலயே திட்டியிருக்கார். அப்புறம் 90-கள்ல அது சியாட்டில், இல்லினாய், கான்சாஸ் சிட்டி, அரிசோனான்னு சின்ன ஊர் பெரிய ஊர் எல்லாம் பரவி, 2000-க்கு மேல நியூ ஜெர்சி, லாங் ஐலண்ட் பசங்க கைல டிவி வரைக்கும் போயிருச்சு. வரலாறு போதும்.

நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னுதான், கேட்டா சிரிப்பீங்க. எமோ ஆல்பம் ஒன்னு கடைசி வரைக்கும் தாங்குமா தாங்காதாங்கறத பாடறவர் முடிவு பண்ணல, ட்ரம்மர்தான் முடிவு பண்றார். 19 வயசுல நாம கேக்கறது குரலயும் வார்த்தையயும், அது நமக்கு ஆறுதல். 30 தாண்டினா அந்த அழுகை நம்ம அழுகை இல்லன்னு ஆயிருது, அப்ப மிச்சம் இருக்கறது பின்னாடி என்ன வாசிக்கறாங்கங்கறதுதான். அங்க ஒன்னும் இல்லன்னா ஆல்பம் காலி.

சன்னி டே ரியல் எஸ்டேட்டோட 'டைரி'ய எடுத்துக்கோங்க, 1994, சப் பாப் லேபிள். நிர்வானாவோட முதல் ஆல்பம் வந்த அதே சியாட்டில், அதே லேபிள், ஆனா இது வேற ஜாதி. ஜெரமி எனிக் பாடறது பாதி வார்த்தை எனக்கு இன்னைக்கும் புரியாது, மெல்ல முனகிட்டே இருந்து திடீர்னு கிழிச்சுட்டு மேல போவார். ஆரம்பத்துல இத குறைன்னு நெனச்சேன், இப்ப அதுதான் இந்த ஆல்பத்த காப்பாத்துதுன்னு தோணுது, ஏன்னா வார்த்தை புரியலன்னா அது பழசாகாது, வெட்கப்படவும் வேண்டியதில்ல. பின்னாடி ட்ரம்மர் வில்லியம் கோல்ட்ஸ்மித்! அந்த மனுஷன் சும்மா தாளம் போடல, பாடறவர் சொல்ல முடியாம நிக்கற இடத்துல எல்லாம் இவர் உள்ள பூந்து முடிச்சு வைக்கறார். ரெண்டாவது பாட்டு கோரஸ்ல ஸ்நேர் ட்ரம் அடி விழற இடம் இருக்கே, நான் எத்தன தடவ ஸ்டியரிங்க தட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல. இதே கோல்ட்ஸ்மித் அப்புறம் ஃபூ ஃபைட்டர்ஸ் போனார், அங்க 1997-ல வந்த ஆல்பத்துக்கு இவர் வாசிச்சதுல பெரும்பகுதிய அந்த பேண்ட நடத்தற டேவ் க்ரோல் தானே திரும்ப வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிட்டார், இவர் வெளிய வந்துட்டார். க்ரோல் எவ்வளவு பெரிய ட்ரம்மர்னு உலகத்துக்கே தெரியும், ஆனாலும் 'டைரி' கேட்டுட்டு அந்த கதைய யோசிச்சா எனக்கு வயித்தெரிச்சல்தான்.

குறையும் இருக்கு. சவுண்டு கொஞ்சம் சேறு மாதிரி, கிட்டார் எல்லாம் ஒன்னோட ஒன்னு அப்பிக்கிட்டு இருக்கும், மலிவான இயர்போன்ல பேஸ் எங்கன்னே தெரியாது. 2009-ல சவுண்ட சரி பண்ணி ரீமாஸ்டர்னு திரும்ப விட்டாங்க, அத நல்ல ஹெட்போன்ல கேளுங்க. பிற்பாதில ரெண்டு மூணு பாட்டு ஒரே மாதிரி மெல்ல ஆரம்பிச்சு ஒரே மாதிரி வெடிக்கும், நான் அந்த இடத்துலதான் டீ போட எந்திரிப்பேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் ஆல்பத்துக்கு தனி பேர் கிடையாது, பேண்டு பேர்தான் ஆல்பம் பேரும். 1999, பாலிவினைல் லேபிள். இல்லினாய் யுனிவர்சிட்டில படிச்ச மூணு பசங்க, ஆல்பம் வந்த கையோட படிப்பு முடிஞ்சு பேண்டும் முடிஞ்சுது, யாரும் பெருசா கண்டுக்கல. அப்புறம் இன்டர்நெட் புண்ணியத்துல வாய்வழியா பரவி பரவி 2014-ல திரும்ப ஒன்னு சேர்ற அளவுக்கு ஆயிருச்சு. அட்டைல ஒரு சாதாரண வெள்ளை வீடு, மாடி ஜன்னல்ல வெளிச்சம், அவ்வளவுதான். அந்த வீட்டு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுக்கவே ஆளுங்க உலகத்துல எங்கெங்கிருந்தோ வர்றாங்க, 2023-ல பேண்டும் லேபிளும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்த வீட்டயே வாங்கிட்டாங்க, இடிச்சுற கூடாதுன்னு. கோயில் மாதிரி ஆயிருச்சு போங்க.

இதுல ட்ரம்மர் ஸ்டீவ் லாமோஸ், ட்ரம்பெட்டும் அவரேதான். ஜாஸ் ஆள் மாதிரி வாசிக்கறார், தாளம் நேரா போகாது, நீங்க தலையாட்ட ஆரம்பிச்சா நடுவுல தடுக்கி விழுவீங்க. பாடற மைக் கின்செல்லாவும் அடிப்படைல ட்ரம்மர், அதுக்கு முன்னாடி கேப்'ன் ஜாஸ்ங்கற பேண்டுல அவர் வேல அதுதான். என் தியரிக்கு இத விட என்ன சாட்சி வேணும். கிட்டார் ட்யூனிங் கூட வழக்கமானது இல்ல, முதல் பாட்டுக்கு எஃப் ஏ சி ஜி சி இ-ன்னு வைக்கணும், 2012-ல என் பழைய கிட்டார்ல அத வச்சு பாக்க போய் ஒரு கம்பி முகத்துக்கு நேரா அறுந்துச்சு. மொத்த ஆல்பத்துலயும் வார்த்தை ரொம்ப கம்மி, ரெண்டு பாட்டுல குரலே கிடையாது. பிரிஞ்சு போறோம், யார் மேலயும் தப்பில்ல, சரி வரேன்னு சொல்ற மாதிரி ஒரு தொனி. ஊர விட்டு போற நாள்ல ரூம காலி பண்ணி பெட்டி கட்டி வச்சுட்டு வெறும் தரைல உக்காந்திருப்போமே, அந்த அரை மணி நேரம்தான் இந்த 40 நிமிஷம். மைனஸ் என்னன்னா குரல், சுருதி சேரவே சேராது, முதல் தடவ கேட்டப்ப இந்தாளுக்கு சளி பிடிச்சிருக்கோன்னு நெனச்சேன். என் மனைவிக்கு இந்த ஆல்பம் ஹோட்டல் லிஃப்ட்ல ஓடற மியூசிக். இன்னொருத்தர் வேலை பாத்துட்டிருக்கப்ப பின்னாடி ஓட விட்டீங்கன்னா அவங்க சொல்றது நியாயம்தான்.

ஜிம்மி ஈட் வேர்ல்டோட 'கிளாரிட்டி', இதுவும் 1999. தயாரிச்ச மார்க் ட்ராம்பினோ ஒரு காலத்துல டிரைவ் லைக் ஜெஹுங்கற பேண்டுல ட்ரம்ஸ் வாசிச்சவர், பாருங்க திரும்ப அங்கயே வர்றேன். மணி, ட்ரம் லூப், தந்தி வாத்தியம்னு எல்லாத்தயும் அடுக்கி அடுக்கி வச்சிருக்காங்க, ஆனா எதுவும் திணிச்ச மாதிரி இருக்காது. இதோட கடைசி பாட்டு விஷயத்துல எனக்கு ஒரு கூத்து நடந்துச்சு. பென்டிரைவ்ல வந்த ஃபைல் பாதில கட் ஆயிருந்துச்சு போல, நாலு நிமிஷத்துல டக்குனு நின்னுரும், நான் அத ஏதோ கலைன்னு நெனச்சு, ஆஹா எவ்வளவு துணிச்சலா பாட்ட பாதில அறுத்துட்டாங்கன்னு நண்பர்கள்கிட்ட லெக்சர் வேற குடுத்திருக்கேன். ஆறு வருஷம் கழிச்சு முழுசா கேட்டா 16 நிமிஷம்! பாட்டு முடிஞ்ச அப்புறமும் ஒரே கிட்டார் சுழல் சுத்திக்கிட்டே இருக்கு, மேல குரல் ஒவ்வொன்னா வந்து சேருது, அப்புறம் எல்லாம் மெஷின் தாளமா உருகுது. எனக்கு இப்பவும் அந்த நாலு நிமிஷ வெர்ஷன்தான் மேல்னு தோணுது, சொன்னா ரசிகர்கள் அடிக்க வருவாங்க.

அவங்க அடுத்த ஆல்பம் 'பிளீட் அமெரிக்கன்' 2001. 'கிளாரிட்டி' விக்கலன்னு அவங்க லேபிளான கேப்பிடல் கம்பெனியோட உறவு முடிஞ்சு, சொந்த காச போட்டு ரெக்கார்ட் பண்ணி, அதுல ஒரு பாட்டு அமெரிக்க ஹாட் 100 பட்டியல்ல 5-வது இடம் வரைக்கும் போச்சு. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் ஆல்பம் பேரயே எடுத்துட்டு வெறும் பேண்டு பேர் போட்டாங்க. பாட்டெல்லாம் பளிச்சுன்னு இருக்கும், காலைல ஜிம்முக்கு நல்லா இருக்கும். அதுக்கு மேல சொல்ல ஒன்னும் இல்ல.

டாஷ்போர்ட் கன்ஃபெஷனல் 2001 ஆல்பம். பெரும்பாலும் கிறிஸ் கராபாவும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும்தான். 20 வயசுல இத கேட்டு தலகாணி நனைச்சிருக்கேன், ஒத்துக்கறேன். போன மாசம் திரும்ப போட்டா மூணாவது பாட்டு தாண்ட முடியல. ஒட்டிக்க பின்னாடி ஒன்னுமே இல்ல, அந்த வலி உங்களுக்கும் இருந்தாதான் வண்டி ஓடும்.

டேக்கிங் பேக் சண்டேயோட 'டெல் ஆல் யுவர் ஃப்ரெண்ட்ஸ்', 2002, இதுதான் எனக்கு பெரிய தர்மசங்கடம். வாசிப்புன்னு பாத்தா பத்துக்கு ஒம்பது. ஆடம் லசாராவும் ஜான் நோலனும் ரெண்டு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து பாடறது, சண்டை போடற மாதிரியே இருக்கும், கூட்டத்துல கத்தறதுக்குன்னே செஞ்சது. ஆனா என்ன பாடறாங்கன்னு உக்காந்து கவனிச்சீங்கன்னா, ஒரு பொண்ணு ஏமாத்திட்டா, அவ நாசமா போகணும், நான் செத்தா அவதான் காரணம். முழுக்க இதேதான். நம்மூர் சூப் பாய் பாட்டுக்கும் இதுக்கும் கிட்டார் மட்டும்தான் வித்தியாசம். இத நான் கண்டுபிடிக்கல, ஜெசிக்கா ஹாப்பர்ங்கற விமர்சகர் 2003-லயே பங்க் பிளானட் பத்திரிகைல எழுதிட்டார், இந்த பாட்டுகள்ல வர்ற பொண்ணுங்களுக்கு பேரும் இல்ல, முகமும் இல்ல, அழுகைக்கு காரணமா மட்டும்தான் வந்துட்டு போறாங்கன்னு. அத நான் படிச்சது 2014-ல, அதுக்கப்புறம் இந்த ஆல்பம் எனக்கு பழைய மாதிரி கேக்கல. ஆனாலும் ஹைவேல தனியா போறப்ப போடுவேன், என்ன பண்றது.

வீசர்ங்கற பேண்டோட 'பிங்கர்டன்' (1996) இத விட மோசமும் இத விட நல்லதும். எமோவா இல்லயான்னு சண்டை தீராது, ஆனா பின்னால வந்த எமோ பசங்க எல்லாம் இதத்தான் படிச்சு வளர்ந்தாங்க. வந்தப்போ ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அந்த வருஷத்தோட மோசமான ஆல்பங்கள்ல ஒன்னுன்னு ஓட்டு போட்டாங்க, பாடறவர் ரிவர்ஸ் க்வோமோவே கொஞ்ச காலம் அத நெனச்சு கூசினார், அப்புறம் 2010-ல முழு ஆல்பத்தயும் மேடைல வாசிச்சாங்க. ட்ரம்ஸ் சவுண்டு அறைக்குள்ள நம்ம பக்கத்துல அடிக்கற மாதிரி கரகரன்னு, அருமை. ஆனா ஜப்பான்ல இருந்து லெட்டர் போட்ட ஒரு 18 வயசு ரசிகைய பத்தி ஒரு பாட்டு இருக்கு, பாடறவர் தன் அசிங்கத்த மறைக்காம சொல்றார், அந்த நேர்மைக்காக பாராட்டறதா, சொன்ன விஷயத்துக்காக முகம் சுளிக்கறதா, 18 வருஷமா முடிவு பண்ண முடியல. ஃபோன்ல இருந்து ரெண்டு தடவ அழிச்சுட்டு ரெண்டு தடவயும் திரும்ப இறக்கினேன்.

கடைசியா மை கெமிக்கல் ரொமான்ஸ். எமோன்னு சொன்னா பாடறவர் ஜெரார்ட் வேக்கு கோவம் வரும், பரவால்ல. 2004-ல வந்த 'த்ரீ சியர்ஸ் ஃபார் ஸ்வீட் ரிவெஞ்ச்' என் தியரிக்கு பாதி எதிரி, ஏன்னா இதுல என்ன பிடிச்சு வைக்கறது ட்ரம்மர் இல்ல, முதல் பாட்டு. அது காதலி பத்தினது இல்ல, ஜெரார்டும் தம்பி மைக்கியும் அவங்க பாட்டிக்காக எழுதினது, பேரனுக்கு பாடவும் வரையவும் சொல்லி குடுத்த பாட்டி. அது தெரியாமலே ரெண்டு வருஷம் பிரேக்கப் பாட்டுன்னு கேட்டிருக்கேன், எங்க அப்பத்தா இறந்த வருஷம்தான் விஷயம் தெரிஞ்சுது, அன்னைக்கு பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். இந்த ஆல்பத்தோட பெரிய குறை சத்தம். அந்த காலத்து வழக்கப்படி எல்லாத்தயும் உச்சத்துல ஏத்தி மாஸ்டர் பண்ணிட்டாங்க, மெல்லிசான இடம்னு ஒன்னு மூச்சு விட இல்ல. 200 ரூபா இயர்போன்ல சூப்பரா இருந்தது, நல்ல ஹெட்போன் வாங்கின அப்புறம் அஞ்சாவது பாட்டுல காது வலிக்குது. காசு செலவழிச்சு கெடுத்துக்கிட்டது இது ஒன்னுதான்.

2006-ல வந்த 'தி பிளாக் பரேட்' அந்த தப்ப பாதி சரி பண்ணுச்சு. சாகக் கிடக்கற நோயாளி ஒருத்தன் கதைய டிராமா மாதிரி கொண்டு போறாங்க, ஒரு பாட்டுல பழைய ஹாலிவுட் நடிகை, பாடகி லைசா மின்னெல்லி வேற வந்து பாடறாங்க. பியானோல ஒத்த ஜி நோட்டு விழுந்தா போதும், என் வயசு ஆளுங்க எங்க இருந்தாலும் திரும்பி பாப்பாங்க. நடுவுல மூணு பாட்டு தொங்கும், எதுன்னு சொன்னா நட்பு போயிரும்.

பொண்ணு ஒருத்தங்க பாடற பாராமோர் பேண்டோட 'ரயட்!' (2007) பத்தி கேப்பீங்க. அந்த ரெக்கார்டிங் நேரத்துல ட்ரம்மர் ஸாக் ஃபாரோக்கு 16 வயசு, கேட்டா நம்ப மாட்டீங்க. ஹிட்டான பாட்டுல இன்னொரு பொண்ண திட்டற ஒரு வரிக்காக 2018-ல அத மேடைல நிறுத்தினாங்க, 2022-ல திரும்ப ஆரம்பிச்சாங்க. ஆம்பள பேண்டுங்க இதுல பத்துல ஒரு பங்கு கூட யோசிச்சதா எனக்கு தெரிஞ்சு இல்ல.

புதுசா ஆரம்பிக்கறவங்க அமெரிக்கன் ஃபுட்பால்ல ஆரம்பிக்காதீங்க, தூங்கிருவீங்க. 'கிளாரிட்டி'ல ஆரம்பிச்சு 'டைரி'க்கு போங்க, ஒரு தடவையாச்சும் குரல விட்டுட்டு ட்ரம்ஸ மட்டும் பிடிச்சுக்கிட்டு முழு ஆல்பமும் கேளுங்க. வயசு 22-க்கு கீழன்னா நான் சொன்னத எல்லாம் விட்டுட்டு நேரா டாஷ்போர்டுக்கு போங்க, இப்ப கேக்கலன்னா அப்புறம் கேக்க முடியாது. லைட்ட அணைச்சுக்கோங்க.