டூப்குரு: விண்டோஸை மறுபடி போட்ட பிறகு கட்டாயம் வேண்டிய மென்பொருள்

அழைப்பிதழ், நோட்டீஸ் வடிவமைக்கும் டிடிபி கடைக்காரர்கள் யார் கேட்டாலும் டூப்குருவைத் தயங்காமல் சொல்வேன். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரே ஃபைல் பல இடங்களில் கிடந்தால் தேடிப் பிடித்துப் பட்டியல் போட்டுத் தருவதுதான் அதன் வேலை.

கடைக் கணினியில் சமீபத்தில் விண்டோஸை மறுபடி போட்டோம். டிரைவை ஃபார்மட் செய்யாமல் போட்டால், பழைய விண்டோஸும் பழைய பயனர் ஃபோல்டரும் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் போய்விடும். புதிதாக மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்தால் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளில் இன்னொரு பயனர் ஃபோல்டர் உருவாகும். ஒன்டிரைவ் பேக்கப்பை ஆன் செய்தாலோ டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறிவிடும். பத்திரத்துக்கு வெளி டிரைவில் எடுத்து வைத்த நகலையும் சேர்த்தால், ஒரே கல்யாணப் பத்திரிகை நான்கு இடங்களில் கிடக்கும்.

இங்கேதான் டூப்குருவின் ரெஃபரன்ஸ் வசதி கைகொடுக்கிறது. தேட வேண்டிய ஃபோல்டர்களைச் சேர்க்கும்போது, இனி எதில் வேலை செய்யப் போகிறோமோ அந்த ஃபோல்டரை ரெஃபரன்ஸ் என்று குறித்துவிட வேண்டும். அதற்குள் இருக்கும் எந்த ஃபைலையும் டூப்குரு அழிக்க விடாது. மற்ற இடங்களில் உள்ள நகல்களைத்தான் டிக் செய்யவே முடியும். அழித்தவையும் வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். வாடிக்கையாளர் ஃபைல்களை வைத்திருப்பவருக்கு இந்த நிம்மதி பெரிய விஷயம்.

தேடும் முறையில் கன்டென்ட்ஸ் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஃபைல்நேம் முறை நம் தொழிலுக்கு ஆபத்து. மண்டபம் மாறியிருக்கும், முகூர்த்த நேரம் மாறியிருக்கும், ஃபைல் பெயர் மட்டும் அதே ‘பத்திரிகை1’ ஆக இருக்கும். கன்டென்ட்ஸ் முறையில் அளவு ஒத்துப்போகும் ஃபைல்களை எடுத்து உள்ளடக்கத்தையும் ஒப்பிடுவதால், ஒரு வரி திருத்திய ஃபைல்கூட நகல் பட்டியலில் வராது. படங்களுக்கென்று தனியாக ஒரு முறை உண்டு. ஆனால் அது ‘ஏறக்குறைய ஒரே மாதிரி’ இருப்பதையும் சேர்த்துக் காட்டும். அடுத்தடுத்து எடுத்த குடும்பப் படங்களில் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே டிக் செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. நான் பயன்படுத்துவது 2022-இல் வந்த 4.3.1 பதிப்பு, தோற்றம் பழைய பாணிதான். பெரிய வெளி டிரைவைக் கொடுத்தால் வெகுநேரம் எடுக்கும், இரவில் ஓட விட்டுப் போவது நல்லது. அழித்த பிறகு காலி ஃபோல்டர்கள் அப்படியே நிற்கும். அவற்றையும் நீக்கச் சொல்லும் அமைப்பை நாமேதான் ஆன் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை எக்ஸ்க்ளூடட் என்று குறித்து ஒதுக்கிவிடுங்கள். அதில் இருப்பவை மென்பொருள்களின் சொந்த ஃபைல்கள். ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். இப்போதைய விண்டோஸிலேயே உருவான கூடுதல் பயனர் ஃபோல்டரை முழுதாக நீக்க நினைத்தால் அதற்கு டூப்குரு சரிப்படாது. கையால் டெலீட் செய்வதும் கூடாது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவு மிஞ்சி நின்று, அந்தக் கணக்கில் நுழையும்போது தற்காலிக புரொஃபைல் திறக்கும். சிஸ்டம் ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, யூசர் புரொஃபைல்ஸ் வழியாகப் போய் நீக்குவதே முறை.

அப்புறம் எழுத்துருக்கள். நம்மிடம் உள்ள பழைய தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் இருக்காது. விண்டோஸ்.ஓல்டில் உள்ள பழைய விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவியவை அந்தப் பழைய பயனர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய்ப் பார்த்தால் கிடைக்கும். இரண்டையும் முதலில் நகலெடுத்து, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து எழுத்து சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்ப்ரரி ஃபைல்ஸ் பகுதிக்குப் போய், முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற வரியை டிக் செய்து விண்டோஸ்.ஓல்டை நீக்கலாம்.