கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

கடும் வெயில் காலத்தின் ஓர் இரவில் எங்கள் படுக்கையறை ஏசி குளிர்ச்சியை நிறுத்திவிட்டு வெறும் காற்றை வீசத் தொடங்கியது. வெளியே இருந்த யூனிட் முனகியதே தவிர, குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுழற்றும் கம்ப்ரஸர் கிளம்பவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்த பதற்றத்தில், யாரிடமும் விசாரிக்காமல் இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்தேன்.

வந்தவர், ஏசி ஓடாத நிலையிலேயே குழாயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி, அதன் முள்ளைக் காட்டி, "கேஸ் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, சார்" என்றார். பிறகு வெளி யூனிட்டின் மூடியைத் திறந்து ஏதோ செய்தார், கேஸ் ஏற்றினார், அறையும் குளிர்ந்தது. கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்தேன். பதினொரு நாள்களில் அதே முனகல் திரும்பியது.

இரண்டாவதாக வந்த மெக்கானிக், கம்ப்ரஸர் கிளம்ப உதவும் மின் பாகமான கெப்பாசிட்டரைத்தான் முதலில் அளந்தார். திறன் 45 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்த அது 28 மட்டுமே காட்டியது, தலைப்பகுதி உப்பியிருந்தது, அதில் பொறித்திருந்த உற்பத்தி ஆண்டோ நாங்கள் ஏசி வாங்கியதற்குப் பல ஆண்டுகள் முந்தையது. பழுதான எங்கள் கெப்பாசிட்டரைக் கழற்றி, வேறெங்கோ எடுத்த பழையதொன்றை மாட்டிவிட்டு, கேஸுக்கென்று பணம் வாங்கியிருக்கிறார் முன்னவர். புதியதைப் பொருத்தி ஓட்டியபோது, கம்ப்ரஸர் இழுத்த மின்சாரம் யூனிட்டில் குறித்திருந்த அளவைத் தாண்டியது. தேவைக்கு மேல் கேஸ் ஏற்றியதன் விளைவு அது.

ஏசியின் கேஸ், வண்டியின் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுழலும் அது குறைந்திருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். எனக்குக் காட்டப்பட்ட முள்ளும் ஒரு கண்கட்டு வித்தையே: கம்ப்ரஸர் நின்றிருக்கும்போது, உள்ளே சிறிதளவு திரவம் எஞ்சியிருந்தாலும், அழுத்தம் சுற்றுப்புற வெப்பநிலையைத்தான் காட்டும், கேஸின் அளவைக் காட்டாது. (எங்களுடையது, கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வகை அல்லாத ஏசி. இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரஸரை இயக்குவது மின்னணு போர்டு என்பதால், அங்கே "போர்டு போய்விட்டது" என்ற சொல்லைச் சந்தேகிக்க வேண்டும்.)

ஏசி நன்றாக ஓடும்போதே வெளி யூனிட்டில் ஒட்டியுள்ள விவரப் பலகையைப் படமெடுத்து வையுங்கள். கேஸின் வகை ஆர்-32 ஆ, ஆர்-410ஏ ஆ என்பதும், எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். வாரண்டி அட்டையையும் நம்பத்தக்க ஒரு மெக்கானிக்கின் எண்ணையும் அதனுடன் சேர்த்து வைத்திருங்கள். பழுது வந்தால், ஆளை அழைக்கும் முன் பிரேக்கர், ரிமோட்டில் உள்ள மோடு, ஃபில்டரின் அழுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். கெப்பாசிட்டரை மட்டும் நீங்களே தொடாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். கேஸ் ஏற்றியே ஆக வேண்டும் என்றால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வாக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றிய பின், சிலிண்டரைத் தராசில் வைத்து எடைக்கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாமவர் தந்த ரசீதில் "சர்வீஸ், கேஸ்" என்ற இரண்டு சொற்களும் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. எங்கள் பழைய கெப்பாசிட்டரையும் அவரே எடுத்துச் சென்றுவிட்டதால், பணத்தைத் திருப்பிக் கேட்டபோது எடுத்துக்காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.