நாட்டா, சேபரா? எடையையும் இஞ்சினையும் வைத்து ஒரு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் கூடும் டீக்கடையில் 1965, 1971 போர்ப் பேச்சு எழுந்தால், 'சேபரைக் கொன்ற நாட்' என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். நாட் (Gnat) இந்திய விமானப்படையின் குட்டிச் சண்டை விமானம், சேபர் (Sabre) பாகிஸ்தானின் சண்டை விமானம். பட்டம் பொருத்தம்தான். ஆனால் சொல்லப்படும் காரணம், "சின்ன விமானம், அதனால் சட்டென்று திரும்பும்" என்பது, கணக்கில் நிற்காது.

ஃபாலண்ட் நாட் பறக்கும் எடை ஏறக்குறைய 3,000 கிலோ, இறக்கைப் பரப்பு 12.7 சதுர மீட்டர். எஃப்-86எஃப் சேபர் 6,900 கிலோ, 29 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் எடை இரண்டிலும் சுமார் 237 கிலோ. திருப்பத்தைத் தொடங்கும் நொடியில் இரண்டும் சமம். திருப்பம் நீள நீள வேகம் கரைகிறது. அதை ஈடுகட்ட வேண்டியது இஞ்சின். நாட் விமானத்தின் ஆர்ஃபியஸ் இஞ்சின், விமான எடையில் நூற்றுக்கு 70 பங்கு உந்துவிசை தரும். சேபரின் ஜே-47 வெறும் 39 பங்குதான். ஆகவே நாட் விமானி மேலே ஏறி, இறங்கி அடிக்க வேண்டும். வேகம் குறைந்த தட்டை வட்டத்துக்குள் இறங்கினால் கெட்டது: அங்கே சேபரின் இறக்கை முன்விளிம்புப் பட்டைகள் திறந்துகொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும்.

சிறிய உருவத்தின் உண்மையான லாபம் வேறு. நாட்டின் இறக்கை வீச்சு 6.7 மீட்டர், சேபருடையது 11.3. பீரங்கிச் சண்டை நடக்கும் தூரம், குமரிக்கரையிலிருந்து விவேகானந்தர் பாறை இருக்கும் தூரத்துக்குள்தான், கிட்டத்தட்ட 500 மீட்டர். அந்தத் தூரத்தில் நேருக்கு நேர் வரும் நாட் ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரியும்.

ஆயுதத்தில் விடை அவ்வளவு நேராக இல்லை. நாட்டில் இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் 115 குண்டுகள். விசையை அழுத்திப் பிடித்தால் ஐந்தாறு நொடியில் தீர்ந்துவிடும். ஓரிரு குண்டு பட்டாலே பெருஞ்சேதம்தான், ஆனால் பீரங்கி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சேபரில் ஆறு 12.7 மி.மீ. துப்பாக்கிகள், சில விமானங்களில் சைட்வைண்டர் ஏவுகணையும் உண்டு. அக்கால ஏவுகணைக்கு எதிரியின் வால்பக்க வெப்பம் வேண்டும். கடுமையாகத் திரும்பும் நாட்டை அது பிடிப்பது அபூர்வம். நாட் விமானத்துக்கு இன்னொரு வியாதி, வாலை அசைக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்பு. அது கைவிட்டால் கையால் ஓட்ட வேண்டும், மூக்கைச் சமநிலையில் வைப்பது பெரும்பாடு.

1965 செப்டம்பர் 3 அன்று ஒரு சேபரை வீழ்த்தியதாக நாட் விமானி டிரெவர் கீலர் வீர் சக்ரா பெற்றார். அந்த விமானம் அடிபட்டும் தளம் திரும்பியது என்கிறது பாகிஸ்தான் தரப்பு. அவ்வளவு அடி தாங்கும் உடம்பு சேபருக்கு உண்டு. அதே நாளில் ஒரு நாட் பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்டது.

1971 நவம்பர் 22, கிழக்கு பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) எல்லையில் நடந்த போய்ரா சண்டையில் எதிரே வந்தவை கனடாவில் செய்த சேபர்கள், பழையதைவிட வலுவான இஞ்சின். தரைப்படையை அடிக்க அவை தாழப் பறந்துகொண்டிருந்தபோது நான்கு நாட் விமானங்கள் அவற்றின் மேல் பாய்ந்தன. இரு சேபர் விமானிகள் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார்கள். டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிலைமை தலைகீழ்: குண்டு விழும் ஓடுபாதையிலிருந்து எழும்பிய நிர்மல்ஜித் சிங் செகோன், ஆறு சேபர்களுக்கு எதிரே போராடி வீழ்ந்தார். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். உயரமும் வேகமும் கையில் இல்லாமல் கிளம்பும் நாட்டுக்கு, அந்த 70 பங்கு உந்துவிசை பலன்தரச் சில நொடிகளாவது வேண்டும்.