சித்தப்பாவின் இரண்டு படங்கள்

1995இல், 24 வயதில் விபத்தில் இறந்த எங்கள் சித்தப்பாவுக்கு வீட்டில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று, தங்கை கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டூடியோவில் சொல்லி, மணமக்களுக்குப் பின்னால் அவரைச் சேர்த்துப் போட்ட படம். இன்னொன்று, போன வருடம் தம்பி செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அவருக்கு ஐம்பது வயது தாண்டவைத்த படம்.

முகத்துக்கு வயதேற்றும் வேலை துக்கத்துக்காக வந்ததல்ல. காணாமல் போனவர்களைத் தேட வந்தது. அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய, காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் ஓவியர்கள், குழந்தையின் கடைசிப் படத்தோடு, பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அந்தந்த வயதில் எடுத்துக்கொண்ட படங்களையும் பார்த்துத்தான் முகத்தை வளர்க்கிறார்கள். 2007இல் போர்ச்சுகலில் மூன்று வயதில் காணாமல் போன பிரிட்டிஷ் சிறுமி மேடலின் மெக்கேனின் ஒன்பது வயது முகத்தை லண்டன் போலீஸ் 2012இல் வெளியிட்டது. அந்தப் படத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பெண் என்றாவது வந்து நின்றால், படத்தின் தப்பை அவளே திருத்திவிடுவாள்.

இறந்தவரின் படத்தைத் திருத்த யார் வருவார்? 2022இல் துருக்கிப் புகைப்படக்காரர் அல்பர் யெசில்டாஷ், மறைந்த ராக் பாடகர்கள் ஃப்ரெடி மெர்குரி, கர்ட் கோபேன் போன்றவர்களை முதியவர்களாக்கிக் காட்டியபோது உலகமே ரசித்தது. நானும் ரசித்தேன். ரசிகருக்கு அது போதும்.

அப்பத்தாவுக்குப் போதவில்லை. தம்பி செல்போனை நீட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இடது புருவத்தின் மேல் விரலை வைத்துத் தேடினார். சித்தப்பா சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அங்கேதான் இருக்கும். செயலி அதை வழித்துவிட்டிருந்தது. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், சுருக்கத்தையும் நரையையும் எல்லோருக்கும் போலவே அவருக்கும் போட்டிருந்தது. விரல் பட்டுப் படம் பெரிதானதுதான் மிச்சம். "உங்க தாத்தா சாயல் அடிக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்டூடியோ படத்தில் குறைகள் கண்ணை உறுத்தும். எல்லோர் மேலும் வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழ, சித்தப்பா மேல் மட்டும் இடப்பக்கமிருந்து விழுகிறது. பட்டு வேட்டிகளுக்கு நடுவே அந்தப் பழைய கட்டம் போட்ட சட்டை. மாப்பிள்ளையைவிடச் சின்னவராகத் தெரிகிறார். ஆனால் தழும்பு இருக்கிறது. அப்பத்தா தினமும் துடைப்பது அந்தச் சட்டத்தைத்தான்.