மதுரையில் மேட்ச் பார்க்க டிஷ்ஷா, ஃபைபரா?

டிஷ்ஷையும் ஃபைபரையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் பல சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு எடுத்த முடிவு இது: நேரலைக்கு டிஷ், மழைக்கு ஃபைபர். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் டிஷ்ஷை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வரும் கோளாறில் பெரும்பகுதி நம் மொட்டை மாடியிலும் ஹாலிலும்தான் இருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் கம்பெனியை மாற்றினால் பணம் போகும், கோளாறு கூடவே வரும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முழு ஹெச்டி படம் விநாடிக்கு 5, 6 மெகாபிட் கேட்கும். அதாவது மணிக்கு இரண்டரை ஜிபி அளவில். டி20 ஒன்றை முதல் பந்திலிருந்து பரிசளிப்பு வரை பார்த்தால் 9, 10 ஜிபி ஆகிவிடும். தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜ் முதல் இன்னிங்ஸ் பாதியிலேயே தீர்ந்துவிடும். ஃபைபரில் இந்தக் கவலை கிடையாது. 30 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 30 மெகாபிட்) திட்டமே தாராளம். மேட்ச் பார்ப்பதற்காக 100, 200 என்று ஏற்ற வேண்டியதில்லை.

டிஷ்ஷை முதலில் வைப்பதற்குக் காரணம் தாமதம். இணையத்தில் நேரலை என்பது சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுவது. ஒரு துண்டு பெரும்பாலும் 2 முதல் 6 விநாடி. ஆப், மூன்று துண்டாவது கையில் சேர்ந்த பிறகே படத்தை ஓட்டும். வெட்டுவதற்கும் சர்வர்களைத் தாண்டி வருவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். டிஷ்ஷில் சிக்னல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்குவதற்குக் கால் விநாடிதான் ஆகும். அதைச் சுருக்கி விரிக்கும் வேலைக்கு இன்னும் சில விநாடி. டி20-யில் பந்துக்குப் பந்து சராசரி 40 விநாடி இடைவெளி என்பதால், ஃபைபரில் பார்ப்பவர் கிட்டத்தட்ட ஒரு பந்து பின்னால் இருக்கிறார். செல்லூர், வில்லாபுரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் விக்கெட் விழுந்தது பக்கத்து வீட்டுச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஃபைபரில்தான் பார்ப்பீர்கள் என்றால் போனில் ஸ்கோர் ஆப் அனுப்பும் அறிவிப்பையாவது நிறுத்தி வையுங்கள்.

இனி டிஷ்ஷின் பலவீனம். ஐபிஎல் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் மதுரையில் சாயங்காலக் கோடை மழை இடியோடு இறங்கும். மேட்ச் தொடங்குவது ஏழரைக்கு. வீட்டு டிஷ் வாங்கும் சிக்னல் 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம்; அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கோடை மழையின் பெருந்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். கேபிள்காரரிடம் இருக்கும் ஆளுயர டிஷ் பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வாங்குவது, அதனால் அது மழைக்கு அவ்வளவு மசியாது. கொட்டுகிற மழையிலும் கேபிள் வீட்டில் படம் ஓடுவதற்கு இதுதான் காரணம். ஆனால் டிஷ் வீடு எல்லாமே ஒரே மாதிரி அணைவதில்லை. சரியாகத் திருப்பி வைத்த டிஷ், பெருமழையின் உச்சத்தில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விட்டுத் திரும்பும். கொஞ்சம் விலகி நிற்கும் டிஷ் தூறலுக்கே போய்விடும். பலர் மழையைத் திட்டுவது இந்த இரண்டாம் வகைக்காகத்தான், அது சரிசெய்யக்கூடியது.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி நகர்ந்தால் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். வெயில் நாளில் அது தெரியாது. டிஜிட்டல் படம் போதிய சிக்னல் இருக்கும்வரை முழுசாக வரும். அந்த எல்லைக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாக உடைந்து மொத்தமாக நின்றுவிடும். நடுவில் மங்கல் என்ற நிலையே கிடையாது. ஆகவே வானம் தெளிவாக இருக்கும் நாளில் செட்டாப் பாக்ஸ் மெனுவுக்குள் போய் சிக்னல் குவாலிட்டி எண்ணைப் பார்த்து, தேதியோடு பாக்ஸின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஸ்ட்ரெங்த் என்று இன்னொரு எண் இருக்கும். அதை நம்ப வேண்டாம், தப்பான சாட்டிலைட்டைப் பார்த்தாலும் அது ஏறி நிற்கும். குவாலிட்டி எழுதிவைத்ததைவிட நன்றாகக் குறைந்திருந்தால் டிஷ் நகர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் முனையில் இருக்கும் பின்னுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆடிக் காற்று முடிந்ததும் ஒரு தடவை, மார்ச்சில் சீசனுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்தால் போதும். அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கம் குரங்குகள் டிஷ் கம்பியைப் பிடித்துத் தொங்குவதால் அங்கே அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

திருப்பும்போது ஒரு விஷயம் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 சாட்டிலைட், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. மதுரையிலிருந்து அது தென்கிழக்குத் திசையில், போன் திசைகாட்டியில் 122 டிகிரிக்கு நேராக, 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய உச்சிவானம். டிஷ்ஷின் முகம் அவ்வளவு மேலே பார்ப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நின்று சிக்னலை வாங்கும் சின்னக் கருவி, நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் மறைக்கிறது என்று டிஷ்ஷை இடம் மாற்றுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். இந்த உயரக் கணக்கில், இரண்டரை மீட்டர் சுவராக இருந்தாலும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைத்தால் மறைக்காது. மறைப்பது தலைக்கு மேல் சாய்ந்து வரும் தென்னை மட்டைதான். மற்ற கம்பெனிகளின் சாட்டிலைட்டுக்கு எண்கள் மாறும், ஆனால் மதுரைக்கு எல்லாமே 50 டிகிரிக்கு மேலேதான்.

பின்பக்க நட்டுகளை முழுசாகக் கழற்றாமல், டிஷ் கை விட்டால் நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். முதலில் பக்கவாட்டில் விரல் கனம் நகர்த்தி நாலு விநாடி காத்திருங்கள். குவாலிட்டி எண் உடனே மாறாது. உச்சம் கண்டதும் அதை இறுக்கிவிட்டு, பிறகு மேல்கீழ். கடைசியாக எல்என்பியை அதன் பிடிக்குள் லேசாகத் திருப்பிப் பாருங்கள். எல்என்பி மாற்றும் முன் பழையது நின்ற கோணத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வது நல்லது, நேராக நிறுத்திவிட்டால் பாதிச் சேனல் வராது. நட்டு இறுக்கும்போது டிஷ் கொஞ்சம் நகரும். ஆகவே எண்ணைப் பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் முற்பகல் 11 மணிவாக்கில் சூரியன் இந்தச் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும். அந்தச் சில நிமிடம் சிக்னல் தானாகவே விழும். அந்த நேரத்தில் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள்.

தண்ணீர் இறங்குவது எல்என்பி பின்னில்தான். டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஆர்ஜி6 ஒயர் பின்னுக்குள் போகும் இடத்தில் நடுக்கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதுப் பின் போடுங்கள். ஒயரை பின்னுக்கு நேராக இழுக்காமல் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கொண்டுவந்தால் மழைத்தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். எல்என்பியின் பிளாஸ்டிக் மூடி மதுரை வெயிலில் சில வருடத்தில் விரிசல் விடும். மழை நின்று ஒரு மணி நேரமாகியும் சேனல் வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். டேப் ஒட்டிக் காலம் தள்ளுவதைவிட மாற்றிவிடுவதே மேல், விலை சில நூறு ரூபாய்தான்.

ஃபைபர் பக்கம் வந்தால், "சுத்திக்கிட்டே இருக்கு" என்ற புகாரில் பெரும்பகுதி வைஃபை கோளாறு. ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து 60 காட்டுகிறதே என்பார்கள். அளக்க வேண்டியது டிவி இருக்கும் இடத்தில், முடிந்தால் டிவியின் பிரவுசரிலேயே. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் காரைச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அப்படி இரண்டு சுவரைத் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனால் தெருவே அதில்தான் இருக்கிறது. கட்டாயம் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் ரூட்டர் அமைப்பில் சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக வைக்கவும், இடைப்பட்டவை இரண்டு பக்கமும் இடிக்கும். எல்லாவற்றையும்விட நல்ல வழி ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் ஒயர். டிவியின் லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், மேட்சுக்கு அது ஏராளம். பழைய ஸ்மார்ட் டிவியில் ஆப் திணறினால் நெட்டைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே மெமரி ஒரு ஜிபிதான் இருக்கும். ஆப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துப் பார்த்துவிட்டு, தீராவிட்டால் எச்டிஎம்ஐ துளையில் மாட்டும் தனி ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை மாட்டுவதே வழி.

கரண்ட் போனால்? டிவி இன்வெர்ட்டரில் ஓடும், ரூட்டரும் ஓடும், நெட் மட்டும் வராது என்பது சிலருக்கு நடக்கும். உண்மையான ஃபைபர் வீட்டுக்குள் பச்சை அல்லது நீல முனையோடு வந்து பெட்டியில் சேரும். தெருவில் இருக்கும் பிரிப்பானுக்குக் கரண்ட் தேவையில்லை. கம்பத்துப் பெட்டியில் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் ஒயர் இழுத்துக் கொடுத்த இணைப்பென்றால் தெருவில் கரண்ட் போனதும் நெட்டும் போய்விடும். இணைப்பு வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரூட்டர் யுபிஎஸ் போதும், ஆனால் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு வாங்க வேண்டும். பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் ரீஸ்டார்ட் செய்து பயனில்லை. இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அலமாரிக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறது.

படத்தின் தரத்தில் டிவி அமைப்பைத் தொடாமல் விடுவது பெரிய நஷ்டம். செட்டாப் பாக்ஸ் வெளியீடு 576-இல், அதாவது ஹெச்டி அல்லாத பழைய தரத்தில், கிடக்கிறதா என்று பாருங்கள். ஹெச்டி பேக்குக்குப் பணம் கட்டிவிட்டு இந்த நிலையில் பார்க்கும் வீடுகள் உண்டு. மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் என்றால் ஹெச்டி வரவே வராது, எச்டிஎம்ஐ வேண்டும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேகப்பந்துக்கு வால் முளைக்கும். டிஷ் வழி வரும் படம் விநாடிக்கு 50 அசைவைக் காட்டும். ஆப் தரத்தை இறக்கும்போது அது 25 ஆகிவிடலாம். கிரிக்கெட்டைவிட ஹாக்கியில் இது பளிச்சென்று தெரியும். 2025-இல் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை மதுரையிலும் நடந்தபோது ஆப்பில் பார்த்தவர்கள் பந்தைத் தேட வேண்டியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மாதப் பணம் வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டுக்கு முக்கியம் என்று அரசு அறிவித்த போட்டிகளின் சிக்னலை தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இந்தியா ஆடும் ஒருநாள், டி20 போட்டிகள் அதில் உண்டு, ஐபிஎல் கிடையாது. 2017-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சிக்னல் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் போகலாம் என்று தீர்ப்பளித்தது. கேபிளில் வரும் டிடியில் அந்த நேரம் வேறு நிகழ்ச்சி ஓடுவது அதனால்தான், கேபிள்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் சேனலை ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் முழுசாகக் காட்டுவது நியாயமில்லை, இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜல்லிக்கட்டுக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழ். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர்: செய்திச் சேனல்கள் டிவியில் காட்டும்போது விளம்பரத்துக்கும் தலைப்புச் செய்திக்கும் போய்விடும். அதே சேனலின் யூடியூப் நேரலை பெரும்பாலும் வாடிவாசலைவிட்டு நகராது. அங்கே ஃபைபரே நல்லது, அரை நிமிடத் தாமதம் உறுத்தாது. விட்ட காளையைப் பின்னால் இழுத்தும் பார்க்கலாம். இழுத்த பிறகு திரையின் கீழே நேரலைப் புள்ளி சாம்பல் நிறமாகியிருக்கும், அதைத் தொட்டால்தான் நடப்புக் காட்சிக்கு வரும்.